சக்கரத்தைக் காட்டிய கேமரா: பீர்மேட்டுச் சேற்றில் மூன்று நாள்

வேலந்தாவளம் ஜங்ஷனில் எனக்கு ஒரு மொபைல் கடை இருக்கிறது. கவர், சார்ஜர், ஹெட்போன் ஆகியவற்றோடு இரண்டு வருடமாக ஆக்‌ஷன் கேமராவுக்கான துணைப்பொருட்களும் விற்கிறேன். சென்ற ஜூலையில் ஒரு சந்தை நாளன்று மாட்டு வியாபாரி நடராசண்ணன் கடைக்கு வந்தார். தன் மாடுகளை வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறவர். என்னிடம் வாங்கிய, கேமராவை நெஞ்சில் கட்டும் பட்டையின் கொக்கி ஒடிந்துபோய் அவர் கையில் இருந்தது.

"ஏனுங்க பாய், இதைய நீங்க ஒருக்காவது மாட்டிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. நான் மாட்டிப் பார்த்ததே இல்லை. வேறு பட்டை கொடுத்து அனுப்பினேன். அந்த வாரமே கடையை என் மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு, ஐம்பது உருப்படிகள் கொண்ட ஒரு செட்டையும் என் சொந்தக் கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். மழை, சேறு, மலைப்பாதை மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும் என்பதால் பீர்மேட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை 5 மணிக்குப் புறப்பட்டேன். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம், குமுளி என்று போனால் பீர்மேடு. என் மீட்டரில் 298 கிலோமீட்டர் காட்டியது. பெட்ரோல் 720 ரூபாய்க்குப் பிடித்தது.

ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் பட்டை போட்டுக் கட்டும் கேமரா தாங்கி, அதாவது மவுண்ட், முதல் தேர்வில் பாஸ். கண் பார்ப்பதையே அதுவும் பார்க்கிறது. பெட்ரோல் டேங்கில் ஒட்டிய வேக்குவம் கப் பழனி தாண்டி ஒரு வேகத்தடையில் கழன்றது. பாதுகாப்புக் கயிறு கட்டியிருந்ததால் கேமரா ரோட்டில் விழவில்லை, என் முழங்காலில் வந்து மோதியது. லோயர் கேம்ப் தாண்டி மலையேறும்போது மழை பிடித்தது. வாட்டர் புரூஃப் கூட்டுக்குள் கேமராவைப் பூட்டினேன். பத்தே நிமிடத்தில் உள்பக்கம் ஆவி படிந்து, அடுத்த இருபது நிமிடமும் வெறும் வெள்ளைதான் பதிவாகியிருந்தது. சாதாரண மழைக்கு இந்தக் கேமராக்களே தாங்கும், கூடு தேவையில்லை என்பதை அங்கேதான் கற்றேன். இதே கூட்டை எத்தனை பேரிடம் "கண்டிப்பா வாங்கிக்கோங்க" என்று தலையில் கட்டியிருப்பேன் என்று நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மாலை 3.30க்குப் பீர்மேடு. அறை 900 ரூபாய்.

மறுநாள் காலை ஜீப் ஸ்டாண்டில் செல்வியைச் சந்தித்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். எஸ்டேட் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் வீடு. கணவர் தேயிலை பேக்டரியில் ஃபிட்டர். அந்த ஸ்டாண்டில் ஜீப் ஓட்டும் ஒரே பெண் அவர்தான். காட்சிமுனைக்குப் போய்வர 1,600 ரூபாய் பேசி ஏறினேன். வழியெல்லாம் நான் ஒவ்வொரு மவுண்டாக மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னண்ணே, பை நெறைய பிளாஸ்டிக்காக் கொண்டாந்துருக்கீங்க. இதுல உருப்படியா ஒண்ணாவது நிக்குமா?"

அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்தேன் என்றேன். ஒரு வளைவைத் திருப்பிவிட்டு விஷயத்தைச் சொன்னார். மறுநாள் ஞாயிறு பக்கத்து எஸ்டேட் மைதானத்தில் ஜீப் போட்டி. சேற்றுக் குழியும் பாறை ஏற்றமும் உண்டு. அந்தப் பகுதி ரிசார்ட்டுகள் சேர்ந்து புதிதாக ஒரு மலைச் சவாரி தொடங்குகின்றன. முதல் மூன்று இடங்களில் வரும் ஓட்டுநர்களுக்குத்தான் அதில் வேலை. ஆறு வருடமாக ஓட்டியும் ரிசார்ட் விருந்தினர்களை யாரும் செல்வியின் வண்டிக்கு அனுப்பியதில்லை.

"பொம்பள ஓட்டுறான்னா கெஸ்டு பயப்படுவாங்களாம். நாளைக்கு நா ஓட்டுறத எடுத்துத் தாரீகளா?"

சரி என்று டேஷ்போர்டில் அவர் முகம் தெரிவதுபோல் கேமராவை வைக்கப் போனேன். தடுத்துவிட்டார். "எம்மூஞ்சிய எதுக்குண்ணே எடுக்கீங்க? சக்கரத்தக் காட்டுங்க. சக்கரம் எங்க மிதிக்குதுன்னு பாத்தாத்தான நம்பி ஏறுவாங்க."

அன்று பிற்பகல் முழுவதும் சக்கரத்தைப் பார்க்கும் இடத்தைத் தேடினோம். ஒட்டும் பசைத்தட்டு ஈரப் பானெட்டில் நிற்கவில்லை. காந்த மவுண்ட் முதல் குலுக்கலிலேயே வழுக்கி இறங்கியது. சைக்கிள் ஹேண்டில்பாருக்கான கிளாம்ப் மட்டும் முன் பம்பர் குழாயைப் பிடித்தது, ஆனால் அதுவும் சுழன்றது. செல்வி ஒரு பழைய டியூபை வெட்டிக் குழாயில் இரண்டு சுற்று சுற்றினார். அதன்மேல் கிளாம்பை முறுக்கி, சிறிய நீட்டிப்புக் கை ஒன்றை மாட்டிக் கேமராவை முன்சக்கரத்தின் பக்கம் திருப்பினேன். நைலான் கயிறும் கட்டினேன். கல்லும் குழியுமான பாதையில் மூன்று முறை ஓட்டினார். அசையவில்லை.

போட்டி காலை 10 மணிக்கு. பன்னிரண்டு வண்டிகள், செல்வி ஏழாவது. பாதையின் இருபுறமும் குச்சிகள் நட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள். வண்டி குச்சியில் பட்டால் பத்து வினாடி அபராதம். சேற்றுக் குழியில் பலர் ஆக்சிலேட்டரை மிதித்துச் சிக்கிக்கொண்டார்கள். செல்வி மெதுவாக இறங்கி, நடுவில் சிறிது இடப்பக்கம் ஒடித்து, நின்றுவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்த நேரத்தில் ஒரே இழுப்பில் மேலே வந்தார். பாறை ஏற்றத்திலும் ஒரு நொடிகூடப் பின்வாங்கவில்லை. 4 நிமிடம் 12 வினாடி. அதுவரை ஓடியவர்களில் அதுதான் இரண்டாவது வேகம்.

ஆனால் குழியருகே நின்ற கண்காணிப்பாளர் சிவப்புக் கொடியைத் தூக்கியிருந்தார். ஒரு குச்சி சாய்ந்து கிடந்தது. பத்து வினாடி கூட்டி, எல்லா வண்டிகளும் ஓடி முடித்தபோது செல்வி ஐந்தாவது இடத்தில் இருந்தார்.

"நா தொடல. என் வண்டி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் என்னிடம். குரல் உயரவில்லை. புகாருக்கு அங்கே பராதி என்று பெயர். முடிவு அறிவித்த அரை மணி நேரத்துக்குள் ஆதாரத்தோடு கொடுக்க வேண்டும். செல்வி எழுதிக் கொடுத்தார். ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். நான் பம்பரைக் காட்டினேன்.

கேமரா ஒரு சேற்றுருண்டையாக இருந்தது. பாட்டில் தண்ணீரில் கழுவினேன். வெயில் அடித்ததால் அதன் சின்னத் திரையில் எதுவும் தெரியவில்லை. வைஃபையில் போனுக்கு மாற்றலாம் என்று பார்த்தால் நாற்பது நிமிடம் ஆகும் என்றது. பதினெட்டு நிமிடம்தான் மிச்சம். பையைத் தரையில் கொட்டித் துழாவினேன். விரல் நகம் அளவு கார்டு ரீடர் ஒன்று கிடைத்தது. கடையில் யாரும் கேட்டு வாங்காத சாமான். கார்டை அதில் செருகிப் போனில் குத்தினேன். வீடியோ உடனே ஓடியது.

படத்தின் கால் பகுதியைச் சேறு மறைத்திருந்தது. மீதியில் சக்கரம் தெளிவாகத் தெரிந்தது. வண்டி குழிக்குள் இறங்கும்போதே அந்தக் குச்சி சேற்றில் சாய்ந்துதான் கிடந்தது. முன்னால் போன வண்டி தட்டியதை யாரும் திரும்ப நடவில்லை. செல்வியின் சக்கரம் அதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போனது. போட்டி நடத்தியவர்கள் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்கள். கொடி தூக்கியவரே முன்வந்து, குச்சி விழுவதை நான் பார்க்கவில்லை, விழுந்து கிடந்ததைத்தான் பார்த்தேன் என்று மலையாளத்தில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு அவருக்கும் ஒரு நன்றி.

அபராதம் நீங்கியது. செல்விக்கு இரண்டாம் இடம். மைக்கில் பேரைச் சொன்னதும் தேயிலைச் சரிவில் நின்று பார்த்த எஸ்டேட் பெண்கள் கொழுந்துக் கூடைகளைத் தட்டினார்கள். 

மாலையில் லயத்துக்குக் கூட்டிப்போனார். ஷிஃப்ட் இருந்ததால் போட்டிக்கு வர முடியாத அவர் கணவர் வீடியோவை நான்கு முறை பார்த்தார். பிறகு, "அந்தக் குழியில நீ கியர மாத்தாம விட்டதுதான் காரியம்" என்றார். செல்வி அன்று முழுக்கச் சிரித்ததில் அதுதான் பெரிய சிரிப்பு.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐம்பது உருப்படி செட் வாங்காதீர்கள், விற்கிறவனே சொல்கிறேன். உலோகத் திருகு உள்ள நல்ல கிளாம்ப் ஒன்று, ஹெல்மெட் தாடை மவுண்ட், பாதுகாப்புக் கயிறு போதும். மலைக்குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, கூடுதலாக இரண்டு வையுங்கள். மெமரி கார்டில் வி30 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வேகம் குறைந்த கார்டில் பதிவு பாதியில் நின்றுவிடும். கார்டு ரீடரை மறக்க வேண்டாம். ஜூலையில் போனால் மழைக்கோட்டும் மாற்றுச் செருப்பும் அவசியம்.

புதிய மலைச் சவாரி பீர்மேட்டில் காலை 6 மணிக்குத் தொடங்குகிறது. செல்வியின் வண்டி கிடைத்தால் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். கேமராவைக் கையில் பிடித்து எடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சவாரி வழியில் வரும் பாறை ஏற்றத்தில் கம்பியைப் பிடிக்க உங்களுக்கு இரண்டு கையும் வேண்டும்.