எர்த் இல்லாத மேசை

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிப் பதினான்கு வருடங்களாக மனிதர்களை எச்சரித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர்கூட முழுதாக நம்பியதில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. பழுதான ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து உள்ளே மாட்டிக்கொண்டதை வெளியே எடுத்துக் கொடுப்போம். டிஸ்க்குக்குள் கண்ணாடி மாதிரி மின்னும் தட்டுகள் சுழலும். மெல்லிய கைகளின் நுனியில் இருக்கும் கடுகைவிடச் சிறிய ஹெட்டுகள், தட்டைத் தொடாமல் மிதந்தபடி எழுதியிருப்பதைப் படிக்கும். ஹெட் போய்விட்டால், அதே மாடலில், கூடியமட்டும் அதே சமயத்தில் தயாரான இன்னொரு டிஸ்க்கை, நாங்கள் டோனர் என்று சொல்வதை, தேடிப் பிடித்து, அதன் ஹெட்டுகளைக் கழற்றி இதில் பொருத்த வேண்டும்.

நடக்கும்போதும், சட்டை உரசும்போதும் நம் உடம்பில் ஏறுகிற நிலைமின்சாரம் அந்த ஹெட்டைச் சாகடித்துவிடும். நமக்குச் சுருக்கென்று தைக்கிற அளவுகூட வேண்டாம். நாம் உணரவே உணராத ஒரு துளி போதும். புகை வராது, சத்தம் வராது. பார்த்தால் புதிதுபோலவே இருக்கும், ஆனால் படிக்காது. அதற்காகத்தான் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்கிறோம். பட்டையிலிருந்து ஒரு சுருள் ஒயர் மேசைமேல் விரித்திருக்கும் ரப்பர் மேட்டுக்கும், அங்கிருந்து சுவரிலுள்ள எர்த்துக்கும் போகும். உடம்பில் ஏறியது மண்ணில் இறங்கிவிடும்.

எங்கள் முதலாளிக்குப் பூர்வீகம் நாஞ்சில் நாடு, பிறந்து வளர்ந்தது இந்த ஊர்.

"இந்த ஊருல எந்து ஸ்டாடிக்? நின்ன எடத்துல வேர்வை ஒழுகுது" என்பார்.

வெளியே அது உண்மைதான். எங்கள் அறையிலோ நாள் முழுக்க ஏசியும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் ஓடுகின்றன. மத்தியானத்துக்குள் உதடு வறண்டுவிடும். வாடிக்கையாளர்கள் கண்ணாடி வழியே பார்க்கிறார்கள் என்பதற்காக அந்த அறையில் நைலான் கார்பெட் போட்டார். நான் வேண்டாமென்று மூன்று முறை சொன்னேன். வெளியாட்களை உள்ளே விட வேண்டாம், உள்ளே பாலியஸ்டர் சட்டையோடு வர வேண்டாம் என்றும் சொன்னேன்.

"இதென்ன, உங்க அக்ரஹாரத்து மடியா? தொட்டா தீட்டு, பட்டா தீட்டு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஆபீஸே சிரித்தது. வலியசாலை அக்ரஹாரத்து வீட்டில் மாமியாரின் மடியோடு வருடக்கணக்காகச் சண்டை போட்டவள் நான். அந்தப் பேச்சு என்னைப் பார்த்தா வர வேண்டும்?

மழை ஓய்ந்த சமயத்தில் ஒரு பெண் வந்தாள். பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் லைனில் பிறந்தவள். இப்போது தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஜீப் சீட்டிலிருந்து விழுந்த அவளுடைய டிஸ்க் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. ஹெட் போன சத்தம்.

"மூணு மழைக்காலம் அக்கா. எல்லாம் தவளைச் சத்தம். காப்பி எடுக்கணும் எடுக்கணும்னு நெனச்சே விட்டுட்டேன்."

"திரும்பப் போய் ரெக்கார்ட் பண்ண முடியாதா?"

"ஒரு ஓடைக்கரையில மட்டும் கத்துற தவளை ஒண்ணு இருந்துச்சு. வேற எங்கயும் நான் கேட்டதில்ல. இந்த மழையில அந்தச் சரிவே இறங்கிடுச்சு. ஓடையே இல்ல அக்கா இப்ப."

பொருத்தமான பழைய டிஸ்க் கிடைக்கப் பதினொரு நாள் ஆனது. காலையில் வழக்கம்போலப் பட்டையைக் கட்டி, சோதிக்கும் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஹெட்டுகளைக் கழற்றி ட்ரேயில் வைத்த நேரத்தில் முதலாளி கதவைத் திறந்துகொண்டு வந்தார். கார்பெட்மேல் செருப்பைத் தேய்த்தபடி நேராக மேசைக்கு வந்து, "இதாணோ சாதனம்?" என்று ட்ரேயைத் தூக்கிப் பார்த்தார்.

"சார், கைய எடுங்கோ!" என்று கத்தினேன்.

"ஞான் ஒண்ணும் செய்தில்லல்லோ" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஹெட்டுகள் படிக்கவில்லை. அவர்தான் கெடுத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது டிஸ்க் சென்னையிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. இந்த முறை கதவைப் பூட்டிக்கொண்டேன். கார்பெட்மேல் ஈரத்துணி விரித்தேன். காட்டன் புடவை, பட்டை, பச்சை விளக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினேன். அதுவும் படிக்கவில்லை.

யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு, வேறெதுவும் தோன்றாததால், மல்ட்டிமீட்டரை எடுத்தேன். பட்டை சரி. சுருள் ஒயர் சரி. மேட்டும் சரி. மேட்டுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு முனையைத் தொட்டால் மறுமுனைக்கு எதுவும் போகவில்லை. சுவரிலிருந்த சுவிட்ச் பெட்டியைத் திருகிக் கழற்றினேன். எர்த்துக்கான பச்சை ஒயர் வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றி, உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தது. மூன்று மாதம் முன்பு புது ஏசி மாட்டியபோது நடந்த வேலை.

அந்தச் சோதனைப் பெட்டி என் பட்டையை மட்டும்தான் சோதிக்கும். பட்டை போய்ச் சேரும் இடத்தைச் சோதிக்காது. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பதுதான். மூன்று மாதமாக எதிலும் இணையாத ஒரு ஒயரைக் கையில் கட்டிக்கொண்டு மற்றவர்களின் சட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வேலையைச் செய்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "சேச்சி, அது எக்ஸ்ட்ரா ஒயர்னு நெனச்சு. கரண்ட் வருதில்லையா, பின்னே எந்தா?" என்றார். கரண்ட் வருகிறதுதான்.

முதலாளி விஷயத்தைக் கேட்டவுடன் முதல் வார்த்தையாக, "அப்போ ஞான் தொட்டதுல ஒண்ணுமில்ல, அல்லே?" என்றார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவர் கையா, என் கையா, அல்லது அந்த ஹெட்டுகள் வரும்போதே கெட்டிருந்தனவா? நிரூபிக்க வழியே இல்லை.

"அந்தக் குட்டிகிட்ட இதெல்லாம் பறையண்டா. டோனர் சரியில்லன்னு சொன்னா போதும்" என்றார்.

நான் சொன்னேன். அவள் வந்து உட்கார்ந்ததும், ஒயர் வெட்டுப்பட்டிருந்ததையும், நான் பார்க்காமல் விட்டதையும் அப்படியே சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இத நீங்க முதல்லயே நோக்கியிருக்கலாமே அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

மூன்றாவது டிஸ்க்கை அவளே கொண்டுவந்தாள். கூட வேலை செய்த தோழி அதே கடையில், அதே நாளில் வாங்கியது. அதிலிருந்ததை எல்லாம் வேறிடத்துக்கு மாற்றிக் காலியாக்கிக் கொடுத்திருந்தாள். எர்த்தைச் சரிசெய்து, மீட்டர் வைத்து இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன். இந்த முறை ஹெட்டுகள் படித்தன. நான்கு நாள், அங்குலம் அங்குலமாக. இரண்டு மழைக்காலம் முழுதாக வந்தது. மூன்றாவதில் பாதி வரவில்லை. டிஸ்க் கீழே விழுந்தபோதே தட்டில் கீறல் விழுந்திருந்தது. அந்த ஓடைத் தவளை இருந்த ஃபைல்களில் ஏழு திறந்தன, மற்றவை திறக்கவில்லை. அவள் ஹெட்ஃபோனை மாட்டி ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றில் மட்டும் கையை உயர்த்தி என்னைப் பேசாதே என்று நிறுத்தினாள். பிறகு நன்றி சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த மூன்று மாதத்தில் "ஒன்றும் செய்ய முடியாது" என்று நான் திருப்பி அனுப்பியவர்களின் பட்டியலை எடுத்தேன். "எந்தினா வெறுதே? போனது போகட்டும்" என்றார் முதலாளி. காது கேட்காதவள்போல டயல் செய்தேன். எர்த் இல்லாத மேசையில் பார்த்தது, மறுபடி பார்க்கிறேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் டிஸ்க்கைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்றார்கள், இருவர் போனை எடுக்கவில்லை. ஸ்ரீவராகத்து அம்மாள் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதையா? நீங்கதானே இனி பிரயோஜனமில்லைன்னு சொன்னேள்? பழைய சாமானோட ஆக்கிரிக்காரன்கிட்ட போட்டுட்டேனே" என்றார்.