போனில் அனுப்பிய வரிசை

அக்காவைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்தது 1993இல். அப்பா அதற்கு முன்பே போய்விட்டதால் தலைப்பொங்கல் வரிசை கொண்டுபோகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு அப்போது மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. புடவை, பச்சரிசி, வெல்லம், பூசணிக்காய், மஞ்சள் கொத்து எல்லாம் பைக்குள் அடங்கிவிடும். ஒரு ஜோடிக் கரும்பு மட்டும் எதற்குள்ளும் அடங்காது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் என்னையும் கரும்பையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"இதுக்குத் தனியா லக்கேஜ் போடணும்பா."

"அதான் நுனிய வெட்டிட்டுத்தானே எடுத்தாந்தேன்" என்று நான் மல்லுக்கு நிற்பேன்.

கண்டக்டர்கள் மாறினார்கள், சண்டை மாறவில்லை. வருடா வருடம் போகியன்று அதே பேச்சு, அதே எரிச்சல்.

அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள். வரிசைத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். கரும்பை மட்டும் உள்ளே கொண்டுபோக விடமாட்டாள். தெருக்கதவு ஓரமாகச் சாத்தி வைப்பாள். "இருக்கட்டும்டா. எனக்கும் பொறந்த வூடு இருக்குதுன்னு நாலு பேரு பாக்கட்டும்" என்பாள். அவள் வீட்டுக்காரர் சாகும்போது அவளுடைய ஒரே மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். இனிமேல் வரிசை எதற்கு என்று சொந்தத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அந்தப் பொங்கலுக்கு நான் கரும்போடு போய் இறங்கியபோது அக்கா வாசலைவிட்டுத் தெருவுக்கே இறங்கி வந்தாள். கரும்பைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதாள். உயிர் இருக்கிறவரை இதை நிறுத்தக் கூடாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் வரிசைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கொடுத்தவன் "வந்து சேர்ந்ததா" என்று கேட்கக் கூடாது, கேட்டால் சொல்லிக் காட்டுகிற மாதிரி. வாங்குகிறவள் "ஏன் வரவில்லை" என்று கேட்கக் கூடாது, கேட்டால் கையேந்துகிற மாதிரி. யார் வகுத்த சட்டமோ தெரியாது. வகுத்தவன் நாசமாய்ப் போக.

செல்லாத நோட்டை மாற்றுவதற்கு எல்லோரும் பேங்க் வாசலில் நின்ற சமயத்தில் நான் முண்டியம்பாக்கம் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்தேன். காலுக்குள் கம்பி வைத்தார்கள். அக்கா மகன் அப்போது டிப்ளமோ முடித்துவிட்டுச் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். என்னைப் பார்க்க வந்தவனிடம், "பொங்கலுக்கு உங்கம்மாவுக்கு எப்படிடா வரிசை கொண்டாருவேன்" என்று புலம்பினேன்.

"இதுக்குப் போயி பேஜாராவறீங்களே மாமா" என்று என் போனை வாங்கி மூன்று ஆப்பை ஏற்றிவிட்டான். இரண்டு, பணம் அனுப்புவதற்கு. அவற்றில் ஒன்று, பணம் போனதும் ஒரு பரிசு அட்டையை நீட்டும். விரலால் சுரண்டினால் 'அடுத்த முறை முயற்சி செய்யவும்' என்று வரும். காசையும் கொடுத்துவிட்டு இந்தப் பேச்சையும் கேட்க வேண்டுமா என்று அதைத் தள்ளிவிட்டேன். இன்னொன்று தமிழில் இருந்தது, பரிசு கிரிசு என்று வம்பு பண்ணவில்லை. அதையே வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, பணத்தைப் போட்டு வளர்ப்பதற்கு. "மியூச்சுவல் ஃபண்டு மாமா. பேங்குல சும்மா தூங்கற பணத்த இதுல போட்டா ஏறும்" என்றான். எனக்கு ஏறியது கோபம்தான். எங்கள் ஊரில் முன்பு ஒரு பைனான்ஸ்காரன் ஊரார் பணத்தோடு ஓடியபோது, ஜனங்கள் அவன் கடை ஷட்டரையாவது எட்டி உதைத்துவிட்டு வந்தார்கள். இதில் உதைப்பதற்கு என்ன இருக்கிறது? வேண்டாம் என்று எடுக்கச் சொல்லிவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே எடுத்தான்.

"அம்மாவுக்கு பட்டன் போன்தான். நீங்க என் நம்பருக்குப் போட்டுடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்றான்.

போகியன்று காலையில் குளித்துவிட்டு, படுக்கையிலேயே உட்கார்ந்தபடி, மொய் மாதிரி ஒரு ரூபாய் சேர்த்து அனுப்பினேன். பச்சை நிறத்தில் சரி என்று வந்தது. கண்டக்டர் இல்லை, லக்கேஜ் இல்லை. அட, இவ்வளவுதானா என்று நிம்மதியாக இருந்தது. பொங்கலன்று அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

"பொங்க வெச்சாச்சாக்கா?"

"வெச்சாச்சு. கால் எப்படிக் கீது?"

"தேவல. வேற?"

"வேற என்னா" என்றாள். காலைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கால் தேறிய பிறகும் அப்படியே பழகிவிட்டது. அடுத்த பொங்கலுக்கும் போனிலேயே அனுப்பினேன், அதற்கடுத்த பொங்கலுக்கும். நடுவில் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போனவன் அக்கா வீட்டுக்கும் போனேன். "என்னா தம்பி, கைய வீசிக்கினு வந்துட்ட" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்குச் சுருக்கென்றது. ஒழுங்காகத்தானே அனுப்பிக்கொண்டிருக்கிறேன், அதற்கு மேல் வந்துபோகும்போதும் கை நிறையக் கொண்டுவர வேண்டுமா? வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிக் காட்டக் கூடாதே என்று விழுங்கிவிட்டேன். எனக்குப் பிடிக்கும் என்று கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்து போட்டாள். தின்றுவிட்டு முறைப்பாகவே பஸ் ஏறினேன்.

மறு ஐப்பசியில் அக்கா போய்விட்டாள். நெஞ்சு வலி என்று சொன்னாளாம், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்கக்கா உன்ன ஒரு நாளும் உட்டுக் குடுத்ததில்லப்பா. கால் ஒடஞ்சும் தம்பி ஆள்கிட்ட கரும்பு குடுத்து உட்டுட்டான் பாருன்னு வருசா வருசம் கதவோரம் சாத்தி வெச்சிருக்கும்."

நான் கரும்பு கொடுத்துவிடவில்லையே என்று முதலில் திகைத்தேன். பிறகு, நான் அனுப்பிய பணத்தில் வாங்கி வைத்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. அவள் பேரில் வைத்திருந்த முறைப்பெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது.

ஜனங்கள் கலைந்த பிறகு அக்கா மகன் போனோடு வந்து உட்கார்ந்தான். மொட்டை அடித்த தலை, அழுது வீங்கிய முகம்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். நீங்க பொங்கலுக்குப் போட்ட பணத்த நான் அம்மாகிட்ட குடுக்கவே இல்ல. சொல்லவும் இல்ல. நீங்க வேணாம்னு சொன்னீங்களே, அந்த ஆப்புலயே போட்டு வெச்சேன். என் படிப்புக்கு வித்த வளையல திருப்பி வாங்கி திடீர்னு கைல போட்டு உடலாம்னு இருந்தேன்." திரையை என் பக்கம் திருப்பினான். "பாருங்க, நல்லா ஏறியிருக்குது."

எல்லாம் பச்சையாக இருந்தது. எனக்குக் கண் தெரியவில்லை.

அவளுக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை. தம்பி மறந்துவிட்டான் என்றே நினைத்திருக்கிறாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் தானே மார்க்கெட்டுக்குப் போய்க் கரும்பு வாங்கி, தானே தூக்கி வந்து, என் பேரைச் சொல்லிச் சாத்தி வைத்திருக்கிறாள். அப்புறம் என்னோடு போனில் பேசியிருக்கிறாள், கால் எப்படி இருக்கிறது என்று. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, பாவி! நானாவது கேட்டிருக்கக் கூடாதா?

"ஏன்டா, உங்கம்மா எதுவுமே சொல்லலயா? இந்த வருசம் வரிசை வரலன்னு?"

"ஏன் சொல்லப் போறாங்க? அதான் நீங்க கரும்பு, புடவை எல்லாம் தனியா குடுத்து உட்டீங்களே. லீவுக்கு வரும்போதெல்லாம் அம்மா எடுத்துக் காட்டுவாங்க, மாமா குடுத்து உட்டதுன்னு." அவன் என் முகத்தைப் பார்த்தான். "நீங்கதானே மாமா குடுத்து உட்டீங்க?"

"ஆமாம்டா. நான்தான் குடுத்து உட்டேன்" என்றேன்.