க்ரெஸ்னாவுக்கு வைத்த புதுப் பெயர்

எந்தக் கணினியைத் தொடுவதானாலும் பாக் தர்சோனோ முதலில் அதன் முதுகில் லேசாகத் தட்டி, "என்னப்பா, வரலாமா?" என்று கேட்பார். இந்தோனேசியாவில், ஜாவாவின் சலாத்திகா ஊரில் அவர் வீட்டு மாடியறைகளில் வாடகைக்கு இருந்த மாணவர்கள் எல்லோரும் வருஷக்கணக்காகப் பார்த்தது இது. பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர்; 'பாக்' என்பது நம் 'ஐயா' மாதிரி மரியாதைக்குச் சேர்ப்பது. பிறர் தூக்கிப்போட்ட கணினிகளில் லினக்ஸ் ஏற்றி, வீடு முழுக்க ஒயர் இழுத்திருந்தார்.

அலமாரி மேல் திரைகூட இல்லாமல் உட்கார்ந்திருந்த பெட்டிக்கு க்ரெஸ்னா என்று பெயர், நம் கிருஷ்ணன்தான். மாணவர்களின் கோப்புகளெல்லாம் அதில்தான், வினார்த்தியின் ஆய்வேடும். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அன்றுதான் ஆய்வேட்டுக்குக் கடைசி நாள்; மதியத்துக்குள் கொடுக்காவிட்டால் பட்டம் அடுத்த வருஷம்தான்.

காலையில் லேப்டாப்பிலிருந்து க்ரெஸ்னாவைக் கூப்பிட்டால் பதிலே இல்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தது யார் புத்தி என்று தன்னையே கேட்டுக்கொண்டு கீழே ஓடினாள்.

"பாக்! க்ரெஸ்னா செத்துப்போச்சு!"

"சேச்சே, நல்லாத்தான் இருக்கு. அடிக்கடி படுத்துக்கிச்சில்ல? பேரு கனம் தாங்கலம்மா. நேத்து லேசா ஸ்லாமெட்னு மாத்திட்டேன். அதோட நெட்வொர்க் நம்பரும் ராசியில்லேன்னு புதுசு குடுத்துட்டேன்."

பெரிய பெயரைத் தாங்காத நோஞ்சான் பிள்ளைக்கு, 'நலம்' என்று பொருள்படும் ஸ்லாமெட் போல எளிய பெயராக மாற்றுவது ஊர் வழக்கம்தான். பெட்டிக்கு மாற்றியவர் இவர் ஒருவர்தான்.

வினார்த்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "என் தம்பிக்குப் பேர் மாத்தினப்ப சிவப்பும் வெள்ளையுமா கஞ்சி காய்ச்சி, வீடு வீடா குடுத்து புதுப் பேரைச் சொன்னாங்க பாக். நீங்க யாருக்குச் சொன்னீங்க? என் லேப்டாப் இன்னும் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்குது!"

"பொண்டாட்டிகிட்டயே சொல்லல, லேப்டாப்புகிட்ட சொல்லுவாராக்கும்!" அடுப்படியிலிருந்து அவர் மனைவி துமினியின் குரல்.

தர்சோனோ நாக்கைக் கடித்துக்கொண்டார். வீட்டில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்று ஒவ்வொரு கணினியிலும் ஒரு சின்னக் கோப்பு உண்டு. அவரே எழுதி வைத்தது. வினார்த்தியின் லேப்டாப்பில் அதைத் திறந்தார். க்ரெஸ்னா வரியை அழித்துவிட்டு, புது எண்ணை எழுதி, பக்கத்தில் ஸ்லாமெட் என்று சேர்த்தார்.

வினார்த்தி கூப்பிட்டாள். ஸ்லாமெட் பதில் சொன்னான். ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடினாள். அவர் மற்ற அறைகளின் கதவைத் தட்டப் போனார்.

சாயங்காலம் அவள் கொடுத்துவிட்டு வந்தபோது துமினி அவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மிஷினுக்கெல்லாம் சொல்லியாச்சு. மனுஷங்களுக்குக் கஞ்சி எங்க?"

"வெள்ளிக்கிழமை" என்றார் தர்சோனோ.

வினார்த்தி பட்டம் வாங்கி, வேலைக்கும் போய்விட்டாள். லீவில் எட்டிப்பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். சிவப்பும் வெள்ளையுமான அந்தக் கஞ்சிக்கு இன்னும் வெள்ளிக்கிழமை வரவில்லை.