குளிசை உரலும் புழுக்கொடியலும்

அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் நீங்கள் முதலில் அட்டைப் படத்தைத்தான் பார்ப்பீர்கள். படத்தில் அம்மா வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறார். அடையாள அட்டைக்கென்று எடுத்த படம் அது. சிரிக்கக் கூடாது, கதைக்கக் கூடாது என்று படம் பிடித்தவர் சொல்லிவிட்டாராம். அம்மாவை அறிந்தவர்களுக்குத் தெரியும், அந்த வாய் அப்படி மூடியிருக்கும் வாய் அன்று. படத்துக்காக ஒருமுறை மூடினார். நோயில் விழுந்தபோது சில வாரங்கள் மூடினார். அவ்வளவுதான். மூடிய வாயை அப்பா எப்படித் திறக்கவைத்தார் என்பதை எழுத வேண்டும் என்றே மூத்த மகளாகிய நான் இப்பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

அம்மா நெல்லியடிக்கு அருகே ஒரு சிறு வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். படிப்பில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தும், தாயார் நோய்வாய்ப்பட்டதால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் தங்கை தம்பிமாருக்குச் சமைக்க அடுப்படிக்குள் போனார். உரலும் உலக்கையும் மா சலிக்கும் அரிதட்டும் அப்போதே அவர் கைக்கு வந்தன. பின்னர் உடுவிலில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து சேர்ந்தார். வந்த கையோடு, உடுவில் ஆட்களுக்கு மா அரிக்கத் தெரியாது என்று ஒரு தீர்ப்பைச் சொன்னார். கடைசிவரை அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இடித்த மாவில் ஒரு துளியை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். "கட்டி கிடக்கு, திருப்பி அரி" என்பார். அப்பாவின் கூடப்பிறந்தவர்களான எங்கள் மாமிமாரே அதைக் கேட்டுப் பேசாமல் திருப்பி அரித்திருக்கிறார்கள்.

சாப்பாட்டில் அவருக்குப் பிடித்தது எதுவென்றால், பல்லுக்கு வேலை கொடுக்கிற எதுவும். அதிலும் புழுக்கொடியல். பனங்கிழங்கை அவித்து, விறகு போலாகும்வரை வெயிலில் காயவைத்த அந்தச் சாமானைத் தேங்காய்ச் சொட்டுத் துண்டோடு சேர்த்து அவர் கடிக்கும் சத்தம் வேலிக்கு அப்பாலும் கேட்கும். போருக்கு அஞ்சி வலிகாமத்துச் சனமெல்லாம் வீடுகளைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்த அந்த மழைக்குள், மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் பத்திரப்படுத்தியபோது, அம்மா ஒரு பிஸ்கற் தகரப் பேணி நிறையப் புழுக்கொடியலைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். வழியில் சமைக்க இடமில்லை. தம்பி அப்போது இடுப்புப் பிள்ளை. அவனுக்கு ஒடியலைத் தன் பல்லால் கடித்து மசித்து வாயில் வைத்துவிட்டார். நாங்கள் பசியில்லாமல் போய்ச் சேர்ந்தோம். நகை கொண்டுவந்தவர்கள் எங்கள் பேணியை எட்டிப் பார்த்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

திரும்பிவந்து, கூரை போயிருந்த வீட்டைத் திருப்பிக் கட்டி, எங்களைப் படிப்பித்து, தம்பியைக் கனடாவுக்கு அனுப்பி, இனிச் சற்று ஆறலாம் என்றிருந்த காலத்தில்தான் பாரிசவாதம் வந்தது. வலக்கை விழுந்தது. கதை குழறியது. அதைவிடப் பெரிய கஷ்டம் தொண்டையில் இருந்தது. தண்ணீர் குடித்தாலே புரையேறும். ஒருநாள் பிறஷருக்கான மருந்துக் குளிசை ஒன்று குறுக்கே நின்று, முகம் நீலம் பாரித்து, முதுகில் தட்டித் தட்டித்தான் அதை வெளியே எடுத்தோம். அன்றோடு அம்மா வாயை மூடிவிட்டார், கதையும் நின்றது. குளிசையை எடுத்துக்கொண்டு யார் கிட்டப் போனாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

இடித்துக் கொடுத்துப் பார்த்தோம். வீட்டில் இருந்தது அப்பாவின் வெற்றிலைத் தட்டத்துப் பாக்குரல். அதற்குள் குளிசையைப் போட்டு ஒரு குத்துக் குத்தினால் பாதி துள்ளி வெளியே போகும். மீதியில் பாக்கு மணக்கும். அம்மா துப்பிவிடுவார். கிளினிக்கில் பிறஷர் இறங்கவே இல்லை. பதிவு பார்த்த தாதி, "அம்மா குளிசை போடுறாவோ, இல்லாட்டி வீட்டு நிலம் போடுதோ?" என்று கேட்டார். இப்படியே போனால் பாரிசவாதம் இன்னொரு முறை வரும், அது பொல்லாததாக இருக்கும் என்று வைத்தியரும் சொல்லிவிட்டார்.

கனடாவில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் தம்பியிடம் தொலைபேசியில் இதைச் சொல்லி அழுதேன். "அக்கா, அழாதேங்கோ. இஞ்சை அதுக்கொரு சாமான் இருக்கு. ஒடியல் கடிச்சுத் தந்த மனிசிக்கு நான் இதுகூடச் செய்யாட்டி என்ன?" என்றான். ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டிக்குள் சொக்கிளேற்றுகளுக்கு நடுவே அந்தச் சாமான் வந்து சேர்ந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்ரிக் கிண்ணம், மேலே திருகு மூடி. குளிசையை உள்ளே வைத்து மூடியைத் திருகத் திருக அது நசிந்து பொடியாகும். ஒரு துகளும் வெளியே போகாது. அம்மா ஓரக்கண்ணால் பார்த்தார்.

"உது என்ன, பம்பரமே?" என்றார் குழறலோடு. வாரக்கணக்கில் கதைக்காதவர் கதைத்த முதல் வார்த்தை அது.

"பம்பரமில்லை. குளிசை உரல்" என்றார் அப்பா. பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

அப்பா வெங்காயத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைக்காரர். அடுப்படிப் பக்கம் தேத்தண்ணி கேட்கக்கூடப் போகாத மனிதர். அவர் அம்மாவுக்கு எதிரே கதிரையைப் போட்டு இருந்து, தன் பெரிய விரல்களுக்குள் அந்தச் சின்ன மூடியைப் பிடித்துத் திருகினார். திருகிவிட்டுத் திறந்து, "இஞ்சரும், வாயைத் திறவும்" என்றார். அம்மா வாயைத் திறக்கவில்லை. இடக்கையை மெல்ல நீட்டி, பொடியில் ஒரு துளியை எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்தார்.

"கட்டி கிடக்கு" என்றார்.

அப்பா திரும்பத் திருகினார். அம்மா திரும்பத் தேய்த்துப் பார்த்தார். மூன்றாம் தரம் தலையை ஆட்டினார். பொடியைக் கப்பல் வாழைப்பழத்தில் குழைத்து, நிமிர்த்தி இருத்தி, தேக்கரண்டி நுனியில் அப்பா கொடுக்க, அம்மா விழுங்கினார். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய் அழுதேன். உடுவிலாருக்கு மா அரிக்கத் தெரியாது என்றவர், ஒரு உடுவிலாரை ஒருவழியாகப் பழக்கிவிட்டார்.

அதன்பின் காலையும் மாலையும் அது ஒரு வழக்கமாயிற்று. நான் திருகினால் அம்மாவுக்குப் பிடிக்காது. "அவருக்குத்தான் பதம் தெரியும்" என்பார். அப்பாவுக்கும் அதில் ஒரு பெருமை வந்தது. எல்லாக் குளிசையையும் பொடியாக்கக் கூடாது, சிலது மெல்ல மெல்லக் கரையவென்று செய்தது, பொடியாக்கினால் கேடு என்று தாதி சொன்னதிலிருந்து, புதிதாக எது தந்தாலும் "இதை இடிக்கலாமோ?" என்று கேட்காமல் அப்பா கிளினிக்கை விட்டு வரமாட்டார். அப்படிக் கேட்டுத்தான் ஒரு குளிசையை வைத்தியர் தேன்போல் தடித்த பாணி மருந்தாக மாற்றித் தந்தார். பிறஷர் இறங்கியது. அம்மாவின் கதை கொஞ்சம் தெளிந்தது. தெளிந்த கதை முழுவதும் அப்பாவைத் திருத்துவதற்கே செலவானது என்றாலும் எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அம்மா போனது ஒரு காலை. வழக்கம் போல மருந்து கொடுத்து, வாய் துடைத்து, விறாந்தையில் கதிரையில் இருத்திவிட்டு அப்பா முற்றத்துச் செடிகளில் பூ ஆயப் போனார். வந்து பார்த்தபோது தலை ஒருபக்கம் சரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பலனில்லை. அப்பா வைத்தியரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "விக்கினதோ ஐயா?" "இல்லை ஐயா. தொண்டையிலை ஒண்டும் இல்லை. மூளையிலை ரத்தம் கசிஞ்சிருக்கு" என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அப்பா தலையாட்டினார். ஆனால் அது அவர் நெஞ்சுக்குள் இறங்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போனபின், "பிள்ளை, அண்டைக்கு நான் வடிவாத் திருகினனானே?" என்று என்னைக் கேட்டார். மறுநாளும் கேட்டார். ஓம் அப்பா என்று எத்தனை தரம் சொன்னாலும் அவர் முகம் தெளியவில்லை. அம்மாவை இழந்த துயரத்தோடு, அப்பாவை இப்படிப் பார்க்கும் துயரமும் சேர்ந்துகொண்டது.

இந்த வேளையில் நாங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். செய்தி கேட்டவுடன் ஓடிவந்த அயலவர்கள், பந்தல் போட்டவர்கள், சமைத்துத் தந்த வீட்டார், கிளினிக்கின் வைத்தியர், பகிடி விட்டே எங்களைத் திருத்திய அந்தத் தாதி, கீரிமலைக் கடலில் அஸ்தி கரைக்க உடன்வந்த உறவினர்கள், தூரத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் தாங்கிய தம்பி. ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்கிறோம். குளிசை உரலைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். விழுங்கக் கஷ்டப்படுகிற எவர் வீட்டுக்கும் அது தேவைப்பட்டால் அப்பாவிடம் கேளுங்கள். பதம் சொல்லித் தருவார்.

ஆனால் இவர்கள் எல்லோரிலும் மேலாக ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அம்மா விரும்பிச் சாப்பிட்டவற்றையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னே தலைவாழையிலையில் படைத்தோம். இறால் பொரியல், நண்டுக் குழம்பு, முறுக்கு என்று இலை நிறைந்திருந்தது. புழுக்கொடியல் வைக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அப்பாவைத் தேடினால், அவர் அறைக்குள் கட்டிலில் இருந்து, புழுக்கொடியலைச் சின்னச் சின்னத் துண்டாக முறித்துக் குளிசை உரலுக்குள் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். குளிசைக்குச் செய்த சாமான் ஒடியலுக்கு மசியுமா? மூடி வழுக்கியது. அவர் விடவில்லை. திறந்து, விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கட்டி கிடக்கு பிள்ளை" என்றார் என்னிடம். "இப்பிடி வைச்சால் அவவுக்கு விக்கும்."

எனக்குப் பின்னால் வந்த சின்னம்மா கட்டிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து, அந்த உரலை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினார்.

"அத்தான், அக்காவுக்கு இனி ஒண்டும் விக்காது. நீங்கள் குடுத்தது ஒருநாளும் அவவுக்கு விக்கேல்லை. விக்கியிருந்தால் அக்கா சும்மா போயிருப்பாவே? உங்களை நாலு பேச்சுப் பேசிப்போட்டெல்லோ போயிருப்பா!"

அப்பா சின்னம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்தபடியே, அம்மா போனபின் முதல்தரமாக, வாய்விட்டு அழுதார். நாங்கள் அழவிட்டோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பேணியைத் திறந்து, முறியாத நல்ல நீளமான புழுக்கொடியலாகப் பார்த்து ஒன்றை எடுத்தார். தேங்காய்ச் சொட்டோடு சேர்த்து அம்மாவுக்கு முன்னே இலையில் முழுசாக வைத்தார்.

"கடியும்" என்றார்.