பத்தாங் காம்பராக் கதவு

பழைய கொம்பியூட்டர் விளையாட்டுகளில் கட்டங்கட்டமாகத் தெரியும் படங்களை, இன்றைய பெரிய மொனிட்டருக்கு ஏற்றபடி வழவழவென்று ஆக்கிக் கொடுக்கும் மென்பொருள் ஒன்று வந்திருக்கிறது. வரட்டும். ஆனால் தனக்கு விளங்காததை அது தன் இஷ்டத்துக்கு அழிக்கும், தன் இஷ்டத்துக்கு இட்டு நிரப்பும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் ஏ.எல். படிக்கும்போது அப்புத்தளைப் பள்ளிக்கூடத்துக்கு யாரோ கழித்துக் கட்டிய ஒரு கொம்பியூட்டர் வந்தது. அதில் நான் ஒரு விளையாட்டுச் செய்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெண்பிள்ளை பீலிக் குழாயில் குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, நாய்க்கும் வழுக்குப் படிக்கும் தப்பி, சிந்தாமல் வீடு போய்ச் சேர வேண்டும். திரையில் பாதியைப் பீலியும் படியும் பிடித்துக்கொண்டன. மிச்சப் பாதியில் எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு ஒரே கூரையில் கட்டிய வரிசை வீடு. குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று பன்னிரண்டு அறை, பன்னிரண்டு கதவு. ஒரு கதவுக்கு ஐந்து புள்ளி அகலம், காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் தடுப்புச் சுவருக்கு ஒரே ஒரு புள்ளி. அதற்கு மேல் இடமில்லை. நிஜ லயத்திலும் எங்களுக்கு அதற்கு மேல் இடம் இருந்ததில்லை.

பிறகு மண்சரிவு அபாயம் என்று எங்களைக் கிளப்பிவிட்டு லயத்தை இடித்தார்கள். தற்காலிகம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சில குடும்பங்கள் லுணுகலைக்கு, சில பெரகல சந்திக்குக் கீழே, நாங்கள் பதுளைக்கு. அந்தத் தற்காலிகத்தில் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமும் முடித்துவிட்டார்கள். லயத்தை யாரும் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. கல்யாணப் படம் இருக்கிறது, ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் விறைத்துக்கொண்டு நின்ற படம் இருக்கிறது. லயத்தை யார் போய் எடுப்பார்கள்? ஆக, நாங்கள் இருந்த இடத்தைக் காட்ட மிச்சமிருப்பது என் விளையாட்டு மட்டும்தான்.

போன திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் எல்லோரும் தோட்டத்துக் கோயிலுக்கு வருவதாகப் பேச்சு அடிபட்டது. கோயில் மண்டபத்தில் அதைப் போட்டுக் காட்டலாம் என்று நினைத்து, லுணுகலையில் இருக்கும் பத்தாங் காம்பரா அக்காவுக்கும் போன் எடுத்தேன்.

"எங்க வீடும் தெரியுமா புள்ள?" என்றுதான் முதலில் கேட்டார்.

"தெரியுங்க அக்கா. பீலியில இருந்து பத்தாவது கதவு."

"அப்ப மகளையும் கூட்டிட்டு வாரேன். அங்க பொறந்தவ, அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. இதான் நம்ம வீடுன்னு ஒரு தடவ காட்டணும்."

எங்களுக்கு முகவரி அவ்வளவுதான். பீலியிலிருந்து எத்தனையாவது கதவு என்று எண்ணிக்கொண்டு போக வேண்டியது.

பதுளையில் வீடியோ எடிட்டிங் செய்யும் என் தம்பி, சித்தப்பா மகன், விளையாட்டின் படங்களைக் கழற்றி, அந்த மென்பொருளில் போட்டெடுத்து, திரும்ப உள்ளே வைத்துத் தந்தான். எனக்கு ஒரு படம் அனுப்பினான். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனில் பார்த்தேன். உள்ளங்கை அளவில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. "நல்லா இருக்குடா" என்று பதிலும் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பூசை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் மண்டபத்தில் மொனிட்டரைப் போட்டோம். லயம் துரைமார் பங்களா மாதிரி பளபளத்தது. தகரத்துத் துருவைக் கழுவிவிட்டு ஓடு போட்டிருந்தது. மொனிட்டரை நிரப்ப வேண்டும் என்று தம்பி இரண்டு பக்கமும் இழுத்து விட்டதில், குடம் தூக்கிய பிள்ளை அண்டா கணக்காய் ஊதியிருந்தாள். அதைக்கூட மன்னிக்கலாம். ஒரு புள்ளித் தடுப்புச் சுவர்களை அந்த மென்பொருள் அழுக்கு என்று நினைத்ததோ என்னவோ, நாலு இடத்தில் துடைத்தெறிந்துவிட்டு, இரண்டு கதவை ஒரு கதவாக ஒட்டி வைத்திருந்தது.

அக்கா தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். பீலியிலிருந்து விரல் வைத்து எண்ணினார். எட்டுக்கு மேல் கதவில்லை. விரல் மொனிட்டர் விளிம்பில் போய் நின்றது. திரும்ப முதலிலிருந்து எண்ணினார். பிறகு மகளைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

"நம்ம வீட்ட இதுலயும் ஒடச்சிட்டாங்க போல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேருக்கு முன்னால் தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பன்னெண்டு குடும்பம்டா. எட்டுக் கதவு வச்சிருக்க."

"நான் எங்க வச்சேன் அக்கா? அதுவா செஞ்சது."

"அதுக்கு லயம் தெரியாது. ஒனக்குமா தெரியாது? ஆறாங் காம்பராவுல பொறந்தவன்தானே நீ?"

"புள்ளி புள்ளியா அசிங்கமா இருந்திச்சு. சனம் சிரிக்குமேன்னுதான்."

அசிங்கம். இடிக்க வந்தவர்களும் எங்கள் சுவரைக் காலால் தட்டிப் பார்த்து இதே சொல்லைத்தான் சொன்னார்கள். இவன் வாயிலும் அதுவா வர வேண்டும்?

நல்லவேளை, பழையது என் பையில் பென் டிரைவில் இருந்தது. அதைப் போட்டு, ஒரு புள்ளிக்கு ஐந்து மடங்கு சதுரம் என்று மட்டும் பெருக்கச் சொன்னேன். எதையும் கூட்டாதே, எதையும் குறைக்காதே. நாலு பக்கமும் கறுப்பு விளிம்பு விழுந்தது. விழட்டும். நடுவில், செங்கல் செங்கலாக, துருப்பிடித்த தகரத்தோடு எங்கள் லயம் வந்து நின்றது.

அக்கா எண்ணினார். இந்தத் தடவை விரல் பத்தில் நின்றது. "இந்தா, இதான்டி நம்ம வீடு" என்றார். மகள் குனிந்து, மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். நான் தம்பியை ஒரு பார்வை பார்த்தேன், ஜெயித்துவிட்ட திமிரில்.

"உள்ள போகலாமா புள்ள?" என்று அக்கா கேட்டார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டிக் கொடுத்தேன். பிள்ளையைக் குடத்தோடு படியேற்றி, ஒவ்வொரு கதவாகத் தாண்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல் பத்தாவது வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார்.

"தொறக்கலையே."

திறக்காது. அந்த விளையாட்டில் திறக்கிற கதவு ஒன்றே ஒன்றுதான். மூன்றாவது, எங்களுடையது. மற்றப் பதினொன்றும் வெறும் கோடு. பின்னணிக்கு ஒரு படம் வேண்டுமே என்று நான் கீறி வைத்தவை. அந்தக் கதவுகளுக்கும் யாராவது தண்ணீர் கொண்டுபோவார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. ஊர் முன்னால் தம்பியை அவ்வளவு ஏசியவள் நான். அக்காவாவது என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு மகளிடம் சொன்னார்.

"பூட்டிட்டு மலைக்கு வேலைக்குப் போயிருப்போம்டி."