மூன்றாவது பிரதி

'இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?'

தர்மிளா அப்படி நினைத்தது உண்மை. அதன்பிறகு நடந்ததும் உண்மை. நம்பாதவர்கள் இத்தாலியில் ஒரேத்தோ தெருவுக்கு வந்து அவளுடைய இடது தோளைப் பார்க்கலாம். எலும்பு இன்னும் நேராகப் பொருந்தவில்லை.

காலையில் அவளுக்கு இத்தாலியச் சிஞ்ஞோரா ஒருத்தியின் வீட்டில் வேலை. பின்னேரங்களில், வன்னியிலிருந்து சனம் கொண்டுவந்த பழைய போன்களிலும் டிஸ்க்குகளிலும் கிடப்பதைப் புதியவற்றுக்கு மாற்றுவாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி, மூன்று வீட்டில். ஒரே பதுங்குகுழியில் வைத்ததெல்லாம் ஒரே எறிகணையில் போனதைக் கண்டவர்கள் வகுத்த விதி அது. பிரதி எடுத்ததும் கணினி மூலத்தையும் பிரதியையும் முழுக்கப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட எண் தரும். எண்கள் ஒத்துப்போனால் உள்ளே இம்மியும் மாறவில்லை என்று அர்த்தம்.

அன்று மாற்ற வேண்டியிருந்தது ஒரு சின்ன வீடியோ. கைகள் பின்னால் கட்டப்பட்ட ஒருவன் முழங்காலில் இருக்கிறான். முதுகும் கறுத்த சுருள்முடிப் பிடரியும்தான் தெரியும். துப்பாக்கிப் பிடி ஒருமுறை இறங்கும். அவ்வளவுதான். கீழ்வீட்டுச் சந்திரமதி அக்கா அதை எத்தனையோ தரம் பார்த்துவிட்டாள். காணாமல் போன தன் புருஷன்தானா என்று பிடரியை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது? இன்னும் பொட்டும் தாலியுமாகத்தான் திரிகிறாள். திவசம் கொடுத்ததில்லை.

வீடியோ இருந்த டிஸ்க் சாகக் கிடந்தது. டிக்... டிக்... அது நின்றால் அந்த மனிதனும் போய்விடுவான். வேறெங்கும் அவன் இல்லை.

வெளியே சிறோக்கோக் காற்று அனலாய் வீசியது. ஜன்னல்களை அடைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதல் பிரதியின் எண் ஒத்துவரவில்லை.

"நீ ஆறுதலாப் பார். எனக்கு ரெயின் போயிடும்," என்று, தன் வீட்டில் வைக்கவேண்டிய பிரதியை வாங்க வந்திருந்த மச்சாள் மனோன்மணி அந்த டிஸ்க்கை அப்படியே கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் போய்விட்டாள்.

ஒரு மணித்தியாலம் இழுபட்ட இரண்டாவதும் ஒத்துவரவில்லை. திறந்து பார்த்தாள். துப்பாக்கிப் பிடி இறங்கியது. பிறகு... மறுபடியும் இறங்கியது.

மூலத்தில் அந்த இரண்டாவது அடி இல்லை.

அவன் கழுத்தும் கொஞ்சம் திரும்பியிருந்தது.

போன் அடித்தது. மனோன்மணி.

"எடியேய், உன்ர சாமானை அலுமாரிக்குள்ளை வைச்சனான். உள்ளுக்கை ஏதோ இடிக்குது."

"எலியா இருக்கும் மச்சாள்."

"நானும் அப்பிடி நினைச்சுத்தான் விளக்குமாத்தாலை ஒரு சாத்துச் சாத்தினன். திருப்பிச் சாத்துதடி... பலகை வெடிச்சுப்போச்சு!"

தொடர்பு அறுந்தது.

விட்டுவிடலாம் என்று அவள் நினைத்தது அப்போதுதான். ஆனால் டிஸ்க் தடுமாறியது. டிக்... டி... சந்திரமதி அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது?

மூன்றாவதை அழுத்தினாள்.

திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. பாதி.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். பாரமான ஒன்றை ஓங்குபவர்கள் இழுப்பார்களே... அப்படி.

தட்!

தோள் எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. முகம் மேசையில் மோதியது. வாய் நிறைய இரத்தம்.

மறுபடி மூச்சு...

தட்!

திரை சிதறியது.

திரும்பினாள். யாரும் இல்லை.

டிக் சத்தமும் இல்லை.

படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னாள். மனோன்மணிக்கு அலுமாரியோடு போயிற்று. கைக்கட்டோடு வீடு வந்ததும், வேறொரு கணினியில் மூன்றாவது பிரதியைச் சந்திரமதி அக்காவுக்குப் போட்டுக் காட்டினாள். பிரதிக்குப் பிரதி அடி கூடியிருந்தது. இதில் அவன் முழுதாகத் திரும்பியிருந்தான். நெற்றி பிளந்து, கண்ணுக்குள் இரத்தம் வழிய, நேரே பார்த்தான்.

"இவர்தான்," என்றாள் அக்கா. அழவில்லை. திரையை விரலால் தடவினாள். விரல் சட்டென்று நின்றது.

"தாடியைப் பார், தர்மிளா."

நரைத்திருந்தது. தலையும்.

"கொண்டு போகேக்கை இவருக்கு முப்பத்தொரு வயசு. ஒரு நரை இல்லை."

 அவன் வாய் திறக்கும் இடத்தில் வீடியோ நின்றிருந்தது.

"என்னவோ சொல்ல வாறார். எங்கை இருக்கிறார் எண்டு சொல்லுவார்... இதிலையிருந்து இன்னொரு கொப்பி எடு, பிள்ளை. ஒண்டே ஒண்டு."

தர்மிளா வயரைக் கழற்றினாள். ஒற்றைக் கையால் மூன்றாவது பிரதி இருந்த டிஸ்க்கைத் துணியில் சுற்றி அக்காவின் மடியில் வைத்தாள்.

"இன்னொண்டு எடுத்தா அவருக்கு இன்னொரு அடி விழும். மாட்டன், அக்கா," என்றாள் மெதுவாக.