மாவள்ளி என்ற பெயர்

ஓசூரில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் எங்கள் பிரிவின் கிரேனை ஓட்டியவர், பாகலூர்ப் பக்கத்துப் பெண். ஒல்லியான உடம்பு, அகலமான நெற்றி. சட்டையில் குத்திய அட்டையில் "மாவள்ளி" என்ற குடும்பப் பெயர்தான் பெரிதாகத் தெரியும். யாராவது வாக்கி டாக்கியில் "ஏம்மா" என்றால், "மாவள்ளின்னு கூப்பிடுங்க" என்று சிரித்தபடியே திருத்துவார்.

ஒருநாள் புதிதாக வந்த மேலாளர், எல்லோருக்கும் கேட்கும்படி வாக்கி டாக்கியிலேயே கேட்டார்: "மாவள்ளியா? இது எந்த ஆளுங்க வெக்கிற பேரும்மா?"

கனமான இரும்பு அச்சு ஒன்று அப்போது அந்தரத்தில் தொங்கியது. கிரேன் சட்டென்று நின்றது. நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். வாக்கி டாக்கியில் அவர் குரல் வந்தது:

"எங்க தெருப் பசங்கள அந்தக் காலத்துல ஸ்கூலுக்குள்ள விடல சார். கர்நாடகாவுலருந்து ஒரு வாத்தியார் வந்தாரு. அடி வாங்குனாரு, கேஸ் போட்டாரு, எங்க தாத்தாவ பெஞ்சுல உக்கார வெச்சாரு. அவரு குடும்பப் பேருதான் மாவள்ளி. அத எங்க வீட்ல எல்லாரும் வெச்சுக்கிட்டோம். நாங்க அவரு ஆளுங்க சார்."

மேலாளர், "சரிங்க மாவள்ளி, எறக்குங்க" என்றார். அச்சு பூப்போல இறங்கியது.

மாலையில் கம்பெனி பஸ்ஸில், "பயமா இல்லையா மாவள்ளி?" என்று கேட்டேன்.

"கை நடுங்குச்சுண்ணா. நடுங்குற கையோட லோடை எறக்கக் கூடாதுல்ல? அதான் நிறுத்திட்டேன்."

அந்த நடுக்கத்தில் ஒரு துளிகூட அவர் குரலில் இல்லை. எப்படி முடிந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.